கூடுதலாக ஒரு மூக்கு

என் மனைவி நாற்பத்தைந்து வயதில் உடைந்த சட்டிகளைப் படிக்கப் பல்கலைக்கழகம் போனாள். பாடத்தின் முழுப் பெயர் 'தொல்லியலும் பொருள்சார் பண்பாடும்'. சேர்ந்த முதல் வாரமே, அதென்ன பொருள்சார் பண்பாடு என்று கேட்டேன்.

"மனுஷங்க செஞ்சது, வாங்கினது, வெச்சிருந்தது, தூக்கிப் போட்டது. எல்லாமேதான்."

அப்படியானால் எங்கள் வீட்டுப் பரண் ஒரு மாபெரும் பண்பாடு. விவரம் தெரியாமல் இத்தனை வருஷமாக அதைக் குப்பை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

நான் குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். குழாய், ஷவர், முகம் கழுவும் பேசின், இன்ன பிற. பீங்கான் எனக்கும் புதிதில்லை. ஆனால் என் கடையில் ஒன்று உடைந்தால் நஷ்டம். அவள் வகுப்பில் உடைந்திருந்தால்தான் பாடமே. படிப்பு ஏற ஏற வீட்டில் எதையும் வெளியே எறிய முடியாமல் போயிற்று. ஒருநாள் மகள் கை தவறி ஒரு கோப்பையைப் போட்டு உடைத்தாள். துடைப்பத்தோடு வந்தவளைத் தடுத்துவிட்டு, துண்டுகள் எப்படிச் சிதறியிருக்கின்றன என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தாள் அம்மாக்காரி.

"அம்மா, உடைச்சது நான்தான். ஒத்துக்கறேன். விசாரணையெல்லாம் வேணாம், பெருக்க விடு."

"மேஜை ஓரத்துல வெச்சிருக்க. அதுவும் இடது கையால."

"வலது கையில போன் இருந்துச்சு."

"அதானே பார்த்தேன்."

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, இவங்களைப் பேசாம போலீஸ்ல சேர்த்திருக்கலாம்."

துறைத் தலைவராக இருந்த பேராசிரியரை மாணவர்கள் 'இரட்டைமூக்கர்' என்பார்கள். அவர் முகத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதிலும் குறை சொல்ல எதுவுமில்லை. பட்டம் வந்தது ஒரு குடுவையால். அவர் இளைஞராக இருந்தபோது ஓர் அகழாய்வுக் குழியில் கிடைத்த ஓடுகளை ஒட்டி எடுத்த மண்குடுவை அது. கெட்டில் மாதிரி ஊற்றுவதற்கு ஒரு பக்கம் மூக்கு; நேர் எதிர்ப்பக்கம் இன்னொரு மூக்கு. இந்த நாட்டில் வேறெங்கும் அப்படி ஒன்று கிடைத்ததில்லை. துறை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அது நின்றது. துறையின் முத்திரையில் அது, கடிதத்தாளில் அது, வருகிற விருந்தினர்களுக்குக் கொடுக்க அச்சடித்த காபிக் கோப்பைகளில் அது.

பாத்திரத்தைவிடப் பெரியது அதைப் பற்றி அவர் சொன்ன கோட்பாடு. ஒரு மூக்கு உள்மூச்சு, மறு மூக்கு வெளிமூச்சு. குடுவை என்பது உடல். ஆகவே இது உயிரின் ஓட்டத்தைக் குறிக்கும் சடங்குப் பாத்திரம். இதை மூன்று புத்தகங்களில் எழுதியிருந்தார். குடும்பத்தாரை அழைத்த நாளில் நானும் ஒருமுறை அவர் பேச்சைக் கேட்டேன். மண் என்கிற சொல் எங்கோ ஓரிடத்தில் வந்தது. மற்றபடி முழுக்கப் பிரபஞ்சம். வெளியே வந்தபோது, நான் விற்கிற குழாய்களை இத்தனை நாளும் சரியான மரியாதையோடு நடத்தவில்லையோ என்று எனக்கே ஒரு குற்றவுணர்ச்சி.

ஆனாலும் ஆளைச் சும்மா சொல்லக்கூடாது. கோட்பாட்டை விட்டு இறங்கி நின்றால் அருமையான வாத்தியார். உடைந்த ஓட்டுத் துண்டை விரலில் உருட்டி எப்படிப் பார்ப்பது, எப்படி ஒட்டுவது என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து சொல்லித் தருவார். முதல் வருஷம் அவர் சொன்ன பாடத்தை என் மனைவி வீட்டில் எங்களுக்கும் ஒப்பித்துக் காட்டினாள். துண்டு கிடைக்காத இடத்தில் பிளாஸ்டர் வைத்து அடைக்கலாம். ஆனால் பூசும் நிறம் ஒரு சாயல் வெளிறி இருக்க வேண்டும். தள்ளி நிற்பவர் கண்ணை உறுத்தக்கூடாது. கிட்டே வந்து பார்ப்பவரை ஏமாற்றவும் கூடாது. எது பழசு, எது நாம் வைத்தது என்று தெரிந்தாக வேண்டும். அதேபோல, ஒட்டுகிற பசை என்றைக்கும் பிரிக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

"ஏன், ஒட்டினது ஒட்டினபடி இருந்தா என்னவாம்?" என்று கேட்டேன்.

"தப்பா ஒட்டியிருந்தா?"

"தப்பா ஒட்டுவோம்னு முன்கூட்டியே திட்டம் போட்டு ஒட்டறீங்களா?"

"ஆமாங்க. அதுக்குப் பேருதான் படிப்பு."

கடைசி வருஷத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் கிடங்கிலிருந்து ஒரு பெட்டி கொடுப்பார்கள். உள்ளே இருக்கும் ஓடுகளை ஒட்டி, வரைந்து, அது என்ன பாத்திரம், எதற்குப் பயன்பட்டது என்று ஆய்வேடு எழுதவேண்டும். என் மனைவிக்கு வந்தது அந்த இரட்டைமூக்குக் குடுவை கிடைத்த அதே குழியின் மிச்ச ஓடுகள். பேராசிரியர் அந்தக் காலத்தில் கட்டி வைத்த கயிறு அப்படியே இருந்தது. ஒரு பிரபலம் கிடைத்துவிட்ட பிறகு பக்கத்தில் கிடந்தவர்களை யார் விசாரிக்கிறார்கள்?

சாயங்காலம் கடையை விட்டு அவளை அழைத்துவரப் போவேன். ஆய்வகத்தில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நீள மேஜைகள், கழுவி உலர்த்திய ஓடுகள், ஒவ்வொன்றின் உட்புறமும் எறும்பு எழுதியது போல எண்கள். தட்டுகளில் மணல் நிரப்பி, ஒட்டிய துண்டுகள் சாயாமல் காய அதில் செருகி வைத்திருப்பார்கள். பக்கத்து மேஜையில் ஒரு பெண், விரல் நுனியெல்லாம் எப்போதும் பிசுபிசுப்பு. ஒருமுறை தன் தலைமுடியையே ஒரு ஓட்டோடு சேர்த்து ஒட்டிக்கொண்டவள். 'பசை' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"அண்ணா, இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்க. அக்கா இப்பதான் கழுத்தைப் பிடிச்சிருக்காங்க."

"அது எனக்குப் பழக்கம்தாம்மா" என்பேன்.

மாதக்கணக்கில் ஆகி, பானை எழுந்தது. தொப்பையும் ஒடுங்கிய கழுத்துமாக, இரண்டு கையில் அடங்குகிற குடுவை. எல்லாம் சேர்ந்துவிட்டது, தோளில் ஒரு வட்ட ஓட்டை தவிர. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியும் அந்த ஓட்டைக்கான துண்டு இல்லை.

பேராசிரியர் வந்து பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, கூரையைத் திறந்துகொண்டு யாரோ இறங்கி வந்ததைக் கண்டவர் மாதிரி ஓரடி பின்னால் போனார்.

"அம்மா, என்ன செஞ்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியல. அங்கே இரண்டு மூக்கு. இங்கே மூக்கே மறுக்கப்பட்டிருக்கு! வேணும்னே துளை போட்டு மூச்சை வெளியே விட்டிருக்காங்க. அது பிறப்பு, இது இறப்பு. ஒரே குழியில ஜோடியா வெச்சிருக்காங்க. என் கோட்பாட்டுக்குப் பாதிதான் இதுவரைக்கும் கிடைச்சிருந்தது. மீதியை நீங்க கொண்டுவந்துட்டீங்க."

அவருக்குக் கண் கலங்கியது. வருடாந்திரச் சொற்பொழிவு அடுத்த மாதம். இரண்டு குடுவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவது என்று நின்ற இடத்திலேயே முடிவாயிற்று. அவளுடைய ஆய்வேட்டை மேற்கோள் காட்டப் போகிறார். ஆகவே 'துளை வேண்டுமென்றே இடப்பட்டது, சடங்கு நோக்கம் கொண்டது' என்று மூன்றாம் இயலில் ஒரு வாக்கியம் வர வேண்டும். வந்தால் உடனே கையெழுத்து.

அன்று காரில் வீடு திரும்பினோம். சிக்னலில் நின்றபோது விஷயத்தைச் சொன்னாள்.

"அது துளை போட்டது இல்லைங்க. மூக்கு உடைஞ்சு விழுந்த இடம்."

"எப்படிச் சொல்ற?"

"ஓட்டையைச் சுத்தி உள்பக்கம் விரல் அழுத்தின தடம் இருக்கு. பச்சை மண்ணா இருக்கும்போது மூக்கை வெச்சு, உள்ளே ஒரு கை கொடுத்து அழுத்தியிருக்காங்க. என் விரலை வெச்சுப் பார்த்தேன், அப்படியே உட்காருது. செஞ்சவங்களுக்கு என்னைவிடச் சின்னக் கை."

"அப்ப மூக்கு எங்கே?"

அவள் இரண்டு விரலை நீட்டிக் காட்டினாள். எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரே குழி. ஒரு பாத்திரத்தில் மூக்கு ஒன்று கூடுதல். பக்கத்துப் பாத்திரத்தில் ஒன்று குறைவு. செருப்பு விட்ட இடத்தில் ஒருவர் ஒற்றைச் செருப்போடும் இன்னொருவர் மூன்று செருப்போடும் நின்றால், நாம் பிரபஞ்சத்தையா கூப்பிடுவோம்?

"அடப்பாவமே" என்றேன்.

"கண்ணாடிப் பெட்டிகிட்ட போய்க் குனிஞ்சு பார்த்தேன். இரண்டாவது மூக்கைச் சுத்தி ஒரு வளையம் பிளாஸ்டர். நிறம் கொஞ்சம்கூட வெளிறாம அச்சு அசலா பூசியிருக்கு. அவர் சொன்ன விதியை அவரே மீறியிருக்கார்."

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. நான் குடும்பத் தலைவனுக்குரிய பொறுப்போடு யோசனை சொன்னேன். "இந்தா பாரு, ஒரு வாக்கியம்தானே? எழுதிட்டுக் கையெழுத்து வாங்கிடு. செத்துப்போன குயவர் வந்து கேஸ் போடப் போறதில்ல."

"முடியாதுங்க."

"ரெண்டு வருஷப் படிப்பு போயிடும். அவர் கையெழுத்து இல்லாம ஆய்வேடு நகராது."

"தெரியும். ஆனா உள்ளே விரல் வெச்சுப் பார்த்துட்டேனே."

வீட்டுக்கு வந்ததும் மகளும் என் கட்சிக்கு வராமல் அம்மா பக்கம் போய்விட்டாள். "நான் கப்பை உடைச்சப்பவே விடல. இப்ப விடுவாங்களா? நீங்க வேற" என்றாள்.

மறுநாள் கடைக்கு வந்து, டைல்ஸ் வெட்டுகிறவர்கள் வாங்கும் ஊசிச் சீப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். வரிசையாகக் கம்பி ஊசிகள் உள்ள சட்டம் அது. எதன் மேல் அழுத்தினாலும் ஊசிகள் பின்வாங்கி அதன் வளைவை அப்படியே பிடித்துக்கொள்ளும். அவர்கள் துறையிலும் அதே கருவிதான். ஆய்வகத்தில் இருந்தது பல் போன கிழம் என்பதால் என் கடைச் சரக்கு. ஓட்டையின் விளிம்பை அதில் பிடித்து வைத்துக்கொண்டு, பெட்டி திறக்கும் நாளுக்காகக் காத்திருந்தாள். சொற்பொழிவுச் சுவரொட்டிக்குப் படம் எடுக்க, கண்ணாடிப் பெட்டியை எப்படியும் திறந்தாக வேண்டும்.

அந்த நாளில் நான் ஒரு வாடிக்கையாளருக்கு ஷவரின் அருமை பெருமைகளை விளக்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"ஏங்க, உடனே வீட்டுக்குப் போய் பாப்பாவோட நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டிலை எடுத்துக்கிட்டு டிபார்ட்மெண்டுக்கு வாங்க."

"யாருக்கு நகம்?"

"வாங்கன்னா வாங்களேன்!"

வீட்டில் மகள் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அப்பா, இது புதுசு. ரோஜா வாசனை. எதுக்காம்?"

"தெரியல. கோட்பாட்டு ரீதியா ஏதோ அவசரம்."

துறை வாசலில் பசை காத்திருந்தாள். படியேறுவதற்குள் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"அண்ணா, பெட்டியைத் திறந்து, ரெண்டு குடுவையும் மேஜையில வெச்சு, லைட்டெல்லாம் போட்டாச்சு. அக்கா 'சார், ஒரு நிமிஷம் உள்ளே பார்த்துக்கறேனே'ன்னு கேட்டாங்க. அவரும் 'தாராளமா'ன்னார். அக்கா குடுவையோட அகலமான வாய் வழியா டார்ச் அடிச்சாங்க. உள்பக்கம் அடைக்காம விட்டிருக்காங்க, அண்ணா! மூக்கோட உடைஞ்ச விளிம்பு அப்படியே துருத்திக்கிட்டு நிக்குது. அக்கா சீப்பை அதுகிட்டப் பிடிச்சாங்க. ஒரு ஊசிகூட விலகல."

"அவர் என்ன சொன்னார்?"

"டார்ச்சை வாங்கி அவரே உள்ளே பார்த்தார். அப்புறம், 'அசிட்டோன் எடுத்துட்டு வாங்க'ன்னார். பசையைக் கரைக்க அதானே வேணும்? ஸ்டோர்ல தீர்ந்து போச்சு. கேட்டு எழுதினது ஆபீஸ்ல தூங்குது. நெயில் பாலிஷ் ரிமூவர்லயும் அதேதான் இருக்குன்னு நான்தான் சொன்னேன்."

ஆய்வகத்தில் படம் எடுப்பவர் காமிராவை மூடிவிட்டுச் சுவரோரம் நின்றார். பேராசிரியர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் அவரை எப்போதும் மேடையில் அல்லது மேடை போட்டது போன்ற நிலையில்தான் பார்த்திருக்கிறேன். ஸ்டூலில் உட்கார்ந்தால் எல்லோரையும் போல முதுகு வளைந்த மனிதர். என் மனைவி ஊசிச் சீப்போடு எதிரே நின்றாள். ரோஜாப் படம் போட்ட பாட்டிலை மேஜையில் வைத்தேன்.

"நீங்க பிரிக்கறீங்களா, நான் பிரிக்கட்டுமா?" என்று கேட்டார்.

"நீங்களே சார்" என்றாள்.

"சரி. ஒட்டினவன் நான்தானே." பஞ்சை நனைத்தபடியே, யாரிடம் என்றில்லாமல் பேசினார். "அப்ப எனக்கு உங்க பசை வயசு. ஒரு மூக்கு கையில மிச்சம் இருந்துது. எதிர்ப்பக்கம் தோள்ல ஒரு துண்டு காணோம். ரெண்டையும் சேர்த்து யோசிச்சேன். யோசிச்சது அவ்வளவுதான். மத்ததெல்லாம் அப்புறம் எழுதினது."

நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. உள்மூச்சும் இல்லை, வெளிமூச்சும் இல்லை. அறை முழுக்க ரோஜா வாசனை பரவியது. பஞ்சு பஞ்சாக மாற்றி, பிளாஸ்டர் வளையத்தைச் சின்னக் கத்தியால் நெருடி, அழுத்தாமல், அவசரப்படாமல் வேலை செய்தார். மூன்று புத்தகங்களையும் எழுதியவர் என்று அந்த நேரத்தில் அவரைச் சொல்லவே முடியாது. அவ்வளவு நன்றாகச் செய்தார். மூக்கு ஒரு முறை அசைந்தது. பிறகு பால்பல் மாதிரி கையோடு வந்துவிட்டது.

அதை என் மனைவியிடம் நீட்டினார். அவள் விளிம்பைத் துடைத்து, தன் குடுவையின் ஓட்டைக்கு நேரே பிடித்து, லேசாகத் திருப்பினாள். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். கையை எடுத்தாள். பசையில்லாமலே நின்றது.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கைதட்டினால் கேலி மாதிரி இருக்கும். சும்மா இருந்தால் இழவு வீடு மாதிரி இருக்கும்.

"ஐயோ, காபிக் கப்பெல்லாம் அடிச்சாச்சே!" என்றாள் பசை.

பேராசிரியர் சிரித்துவிட்டார். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க. என் மனைவியும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுது, மறுபடி சிரித்தாள். அவர் ரொம்பத் திருந்திவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். டீ வந்து, ஒரு வாய் குடித்ததும் முதுகு நிமிர்ந்தது. இரண்டாவது வாயில் குரல் பழைய மேடைக்கு ஏறியது. "இதுதான் அறிவியல்! தன் கோட்பாட்டைத் தானே தகர்க்கும் துணிவு! சொற்பொழிவுக்குத் தலைப்பையே மாத்தறோம்." தகர்த்தது யார் என்பது டீ ஆறுவதற்குள் கொஞ்சம் மங்கலாகிவிட்டது. ஆனால் சுவரொட்டி வந்தபோது அவர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், என் மனைவியின் பெயரும் இருந்தது. யாரும் கேட்காமல் அவரே போடச் சொன்னதாம். அதனால் அவரைப் பற்றிச் சேர்த்து வைத்திருந்த நாலைந்து நல்ல நையாண்டிகளை நான் இங்கே செலவழிக்காமல் விடுகிறேன்.

கையெழுத்து இன்னும் பாக்கி இருந்தது. மூன்றாம் இயலை அவள் தன் மனம் போல எழுதி, அடுத்த வாரம் கொண்டுபோனாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். மேஜையில் அவளுடைய குடுவை, மூக்கும் முழியுமாக. அவர் பக்கங்களைப் புரட்டி, ஓரிடத்தில் பேனாவை நிறுத்தி, சத்தமாகப் படித்தார்.

"'தோளில் ஒற்றை மூக்கு உடைய இக்குடுவை, நீர்மப் பொருளை ஊற்றப் பயன்பட்டது.' அவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதான் சார்."

"சடங்கு, கிடங்கு ஒண்ணும் இல்லையா? சும்மா ஒரு ஓரமா?"

"இல்ல சார். ஊத்தியிருக்காங்க."

அவர் பெருமூச்சு விட்டார். பேனாவைத் திறந்தார். திறந்தவர் கையெழுத்துப் போடாமல் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து மூக்கின் உதட்டைச் சுண்டுவிரலால் தடவினார்.

"ஊத்தி முடிச்சதும் சொட்டுமா?"

"உதடு கொஞ்சம் கீழ்ப்பக்கமா வளைஞ்சிருக்கு சார். சொட்டாதுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றார். எத்தனையோ காலம் கழித்து அந்த வார்த்தையைச் சொல்பவர் போல, அதை மெல்ல ருசித்துச் சொன்னார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, ஏட்டை அவள் பக்கம் தள்ளினார். "களிமண் இருக்கா? இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தண்ணி ஊத்திப் பார்த்துடுவோமே. மூக்குச் சாய்வை அளந்தீங்களா?"

"வரைபடத்துல இருக்கு சார். ஆனா கழுத்து வரைக்கும் நிரப்பினா வேற மாதிரி ஊத்தும்."

"நிரப்ப மாட்டாங்கம்மா. பாதிதான் நிரப்புவாங்க."

"ஏன் சார், பாதி?"

என் போன் அடித்தது. மகள்.

"அப்பா, என்னாச்சு? போட்டாரா?"

"போட்டுட்டார்."

"சூப்பர்! அப்ப கிளம்பிட்டீங்களா?"

எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் குடுவைக்கு இருபுறமும் குனிந்திருந்தார்கள். கையெழுத்துப் போட்ட ஏடு மேஜை ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. பசை ஒரு வாளியில் களிமண்ணைக் குழைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

"நீ சாப்பிட்டுத் தூங்கும்மா" என்றேன்.